துப்பாக்கிக்குப் பதில் சொல்வது யார்? மாகாணப் பொலிஸ் அதிகாரம்: மலையகத்திலிருந்து ஒரு பார்வை

ஹட்டனிலிருந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்குப் போகும் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் சுற்றுலா வருபவர்கள் வேனை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மலையகத்தின் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் சிவனு லட்சுமணன் என்ற தொழிலாளி உயிரிழந்தார்.

பின்னணி இதுதான். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்தில் அவ்வாறு எடுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 7,000 ஏக்கரை வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் முனைந்தது. தேயிலையை நட்டு வளர்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு 1948இலிருந்து பிரஜாவுரிமை இல்லை, வாக்கும் இல்லை. அளவையாளர்களை மறிப்பதும் வேலைநிறுத்தம் செய்வதும்தான் அவர்களிடம் இருந்த வழி. சூட்டுக்குப் பின் எதிர்ப்பு தோட்டம் தோட்டமாகப் பரவியது. காணி சுவீகரிப்பு நிறுத்தப்பட்டது.

அன்று சுட்ட துப்பாக்கி யாருடைய கட்டளைக்குக் கீழ் இருந்தது? இன்று யாருடைய கட்டளைக்குக் கீழ் இருக்கிறது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பற்றிய விவாதத்தில் “பொலிஸ் அதிகாரம்” என்ற இரண்டு சொற்கள் வரும்போதெல்லாம் கேட்க வேண்டியது இதைத்தான். வடக்கு கிழக்கில் அது ஒரு மாதிரி ஒலிக்கும், கொட்டகலையில் வேறு மாதிரி ஒலிக்கும். ஆனாலும் வன்னியில் இதை வாசிப்பவர்கள் பலருக்கு இரண்டு ஒலியும் பழக்கமானவை. 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள், பிறகு போரின் நடுவிலும் அகப்பட்டன.

1940இல் ஒரு இராஜினாமா

இந்தக் கேள்விக்கு வயது டெவனை விட அதிகம். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட பகுதியிலுள்ள முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் கொல்லப்பட்டார். மலையகத் தொழிற்சங்கங்கள் இன்றும் முதல் தியாகி என்று சொல்வது அவரைத்தான். விசாரணைக்கு ஒரு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார்.

இதுவரை பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது அடுத்து நடந்தது. முல்லோயா தொழிலாளர்கள் மீது பொலிஸார் தொடுத்த வழக்குகளை ஆணைக்குழு முடியும்வரை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு விவகார அமைச்சர் டி.பி. ஜயதிலக்க சொன்னார். பொலிஸ் மாஅதிபர் பேங்ஸ் அதன்படி நடக்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் மாஅதிபரின் பக்கம் நின்றார். மக்களால் தெரிவான அமைச்சரின் சொல்லைப் பொலிஸ் கேட்காதென்றால் அமைச்சர் எதற்கு என்று கூறி, டி.எஸ். சேனாநாயக்க உட்பட அமைச்சர் குழு பெப்ரவரியில் இராஜினாமாச் செய்தது. சில வாரங்களில் அவர்கள் பதவிகளுக்குத் திரும்பினார்கள். ஆனால் கொள்கை தெளிவாகப் பதிவானது: பொலிஸ், மக்களுக்குப் பதில் சொல்லும் ஒருவருக்குக் கீழ் இருக்க வேண்டும்.

லண்டனுக்கு எதிராகக் கொழும்பு அன்று வைத்த வாதம் அது. மாகாணங்கள் அதே வாதத்தைக் கொழும்பிடம் வைத்தபோது நாடு பிரிந்துவிடும் என்று பதில் வந்தது. கோவிந்தனின் பெயரால் பதவி துறந்தவர்களில் சிலர், எட்டே ஆண்டுகளில் அவருடைய மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கை உயர்த்தினார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சட்டப்படி துவக்கு யாருடையது?

நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் கொண்டுவந்தது, பல முறை திருத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்புக்கான துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு. இரண்டும் மத்திய அரசின் கைகள். 2024 ஒக்டோபரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக நவம்பர் 7ஆம் திகதிக்குள் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது எந்த மாகாணத்திடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டத் தேவையும் இல்லை.

ஏனென்றால் 1987 நவம்பரில் சட்டமான 13ஆவது திருத்தமே ஆயுதம், சுடுகலன், வெடிமருந்து, வெடிபொருள் ஆகியவற்றை ஒதுக்கப்பட்ட நிரலில் வைத்தது. அதாவது மத்திக்கு மட்டுமே உரியவை. இதில் புதுமை இல்லை. இந்திய அரசியலமைப்பும் இவற்றை ஒன்றியப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி பற்றி ஒரு சிறு குறிப்பு. அதற்கு விண்ணப்பிப்பவர் தனக்கு விவசாய நிலம் இருப்பதைக் காட்ட வேண்டும். லயன் அறைக்கே உறுதிப்பத்திரம் இல்லாத தோட்டத் தொழிலாளி எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் தகரம் தட்டுவதும் காவல் இருப்பதும்தான். சிலர் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். அதில் சிறுத்தை மாட்டிக்கொண்டால் செய்தியும் வழக்கும் அவர்கள் பெயரில். கட்டுத்துவக்கு வைத்தால் பன்றிக்கு முன் மனிதர் போய்விடும். மலையகத்தில் சட்டபூர்வத் துவக்கு என்பது வரலாற்றில் துரையின் பங்களாச் சுவரிலும் பொலிஸ் நிலையத்திலும் இருந்த பொருள்.

கடதாசியில் உள்ள மாகாணப் பொலிஸ்

ஆயுதச் சட்டம் மத்தியிடம் போனாலும், ஆயுதம் தாங்கும் பொலிஸைப் பகிர்வதற்கு 13ஆவது திருத்தம் இடம் வைத்தது. மாகாண சபை நிரலின் முதலாவது விடயமே பொலிஸும் பொது ஒழுங்கும்தான். விவரம் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. வாய் கிழிய விவாதிப்பவர்களில் அதை வாசித்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கைப் பொலிஸ் தேசியப் பிரிவு என்றும் மாகாணப் பிரிவுகள் என்றும் பிரியும். மாகாணப் பிரிவுக்கு ஆட்சேர்ப்பது மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு. அதில் மூன்று பேர்: மாகாணத்தின் பிரதிப் பொலிஸ் மாஅதிபர், ஜனாதிபதியுடன் கலந்து பொதுச் சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒருவர், முதலமைச்சரின் பிரதிநிதி ஒருவர். மூவரில் முதலமைச்சருக்கு ஒருவர்தான் என்பதைக் கவனியுங்கள். பிரதிப் பொலிஸ் மாஅதிபரை முதலமைச்சரின் இணக்கத்துடன் மாஅதிபர் நியமிப்பார். இணக்கம் வராவிட்டால், முதலமைச்சருடன் கலந்தாலோசித்து நியமனம் செய்வது தேசியப் பொலிஸ் ஆணைக்குழு. மாகாணத்தில் பொது ஒழுங்கைக் காப்பதில் அந்தப் பிரதிப் பொலிஸ் மாஅதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்பானவர், அவருடைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்.

அரசுக்கு எதிரான குற்றங்கள், முப்படை, தேர்தல், நாணயம் தொடர்பான குற்றங்கள் முதலியவை தேசியப் பிரிவுக்கு. தேசியப் பிரிவினர் மாகாணத்தில் சாதாரணமாகச் சீருடை இல்லாமல் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. தெருவில் மக்கள் காணும் சீருடை மாகாணத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பது கருத்து.

துப்பாக்கி? மாகாணப் பிரிவுகளுக்கு எந்த வகைச் சுடுகலன், எத்தனை, எவ்வளவு ரவை என்பதைத் தீர்மானிப்பது தேசியப் பொலிஸ் ஆணைக்குழு. மாகாண ஆணைக்குழுவுடன் கலந்தாலோசித்தால் போதும். எல்லா மாகாணங்களுக்கும் ஒரே அளவுகோல். இவ்வளவும் போதாதென்றால், அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து மத்தி நேரடியாக இறங்கலாம். முதலமைச்சர் இரகசியமாக ஒரு படை கட்டிவிடுவார் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அவர்கள் இந்தப் பந்தியைக் காட்டினால் நன்றாயிருக்கும்.

இத்தனை பூட்டுப் போட்ட அதிகாரம்கூட ஒன்பது மாகாணங்களில் ஒன்றுக்கும் நடைமுறையில் கொடுக்கப்படவில்லை. சிங்கள முதலமைச்சர்களுக்கும் இல்லை. 2023 பெப்ரவரியில், 13ஐ முழுமையாக நடைமுறைப்படுத்தப் போவதாக ரணில் விக்கிரமசிங்க சொன்னதற்கு எதிராக, பிக்குமார் நாடாளுமன்றத்துக்கு அருகே திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் தமிழ்க் கட்சிகளிடம் ஜனாதிபதி வைத்த யோசனையில் பொலிஸ் அதிகாரம் விலக்கப்பட்டிருந்தது. மத்திய மாகாண சபையும் வட மாகாண சபையும் 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018இல் காலாவதியாகின. அதன் பின் ஆளுநர் ஆட்சிதான்.

வடகிழக்கு ஒருமுறை முயன்றபோது

ஒரே ஒரு மாகாண சபை ஆயுதத்தைத் தன் கையில் எடுக்கப் பார்த்தது. 1988 நவம்பர் தேர்தலில் உருவான இணைந்த வடகிழக்கு மாகாண சபை. முதலமைச்சர் வரதராஜப்பெருமாள். கொழும்பு பொலிஸ் அதிகாரத்தைத் தரவில்லை. இந்தியப் படையின் ஆதரவுடன் குடிமக்கள் தொண்டர் படை என்றும் தமிழ்த் தேசிய இராணுவம் என்றும் அணிகள் திரட்டப்பட்டன. எப்படித் திரட்டினார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு வரவில்லை. இந்தியப் படை பின்வாங்கத் தொடங்கியதும் விடுதலைப் புலிகள் முன்னேற, அந்த அணிகள் சிதறின. கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பையன்கள்தான் அதிகம் செத்தார்கள். பிரேமதாச அரசாங்கம் அக்காலத்தில் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச் 1இல் சபை ஈழப் பிரகடனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதம் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பல் ஏறினார். ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் புலிகளால் கொல்லப்பட்டார்கள். பொலிஸ் அதிகாரம் என்றதும் தென்னிலங்கையின் ஞாபகத்துக்கு வருவது இந்த ஜூன் மாதம். நமக்கு வருவது வேறு மாதங்கள்.

என் பார்வையில், 1988–90 அனுபவத்தை மாகாணப் பொலிஸின் தோல்வி என்று கணக்கெழுதுவது தவறு. அங்கே மாகாணப் பொலிஸ் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆணைக்குழு இல்லை, ஆட்சேர்ப்பு விதி இல்லை, நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய பொறுப்பாளர் இல்லை. சட்டத்தின் வழி மூடியிருந்ததால் சட்டத்துக்கு வெளியே வந்த படை அது.

அமெரிக்கா காட்டும் இரண்டு முகம்

மாகாண உரிமை என்ற சொல்லும் துப்பாக்கியும் சேர்ந்தே ஒலிக்கும் நாடு அமெரிக்கா. புலம்பெயர்ந்த உறவுகள் அடிக்கடி அதை மேற்கோள் காட்டுவதால் அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன்படும். 1993இல் வந்த பிரேடி சட்டம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைப் பரிசோதிக்கும் வேலையை உள்ளூர்ப் பொலிஸ் தலைமைகளிடம் கொடுத்தது. மொன்டானா, அரிசோனா மாநிலங்களின் இரண்டு ஷெரிப்கள் வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நடைமுறைப்படுத்தலாம், மாநில அதிகாரிகளை வேலை வாங்க முடியாது.

இதற்கு மேலே போக முயன்ற மாநிலங்கள் வழுக்கின. மாநிலத்துக்குள்ளேயே செய்து விற்கும் துப்பாக்கிக்கு மத்திய சட்டம் பொருந்தாது என்று மொன்டானா 2009இல் போட்ட சட்டம் 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. மத்திய துப்பாக்கிச் சட்டங்களை நிறைவேற்ற உதவும் உள்ளூர்ப் பொலிஸ் அமைப்புக்கு 50,000 டொலர் வரை தண்டம் என்று மிசூரி 2021இல் போட்ட சட்டம் 2023இல் இரத்தானது. 2024இல் மேன்முறையீட்டிலும் அதே முடிவு. ஒத்துழைக்க மறுக்கலாம், மத்திய சட்டத்தைச் செல்லாதென்று அறிவிக்க முடியாது.

நமக்கு இதில் உள்ள பாடம் துப்பாக்கியை விட மறுப்பைப் பற்றியது. அமெரிக்க மாநிலம் மறுக்க முடிகிறதென்றால், மறுப்பதற்கு அதனிடம் சொந்தப் பொலிஸ் இருக்கிறது. அதே 1997 தீர்ப்பை வைத்துத்தான் குடியேறிகளைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று சில நகரங்கள் பிறகு சொன்னன. துப்பாக்கிக்காரர்கள் வென்ற வழக்கு அகதிகளுக்கும் குடையாயிற்று. நமது மாகாண சபையிடம் மறுப்பதற்கு ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது.

மறுபக்கமும் உண்டு. மாநில உரிமை என்ற பெயரில்தான் தென் மாநிலங்கள் அடிமை முறையையும் பிறகு இனப் பிரிவினையையும் காத்தன. 1957இல் ஆர்கன்சோ ஆளுநர், மாநிலத்தின் தேசியக் காவலரை நிறுத்திக் கறுப்பின மாணவர்களைப் பாடசாலைக்குள் விடாமல் தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் மத்திய இராணுவத்தை அனுப்பித்தான் அவர்களை உள்ளே கொண்டுபோனார். தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்களும் ஒன்றை அறிவார்கள். அங்கே அகதியின் ஒவ்வொரு அசைவையும் குறித்துவைத்த கியூ பிராஞ்ச், தமிழக அரசின் பொலிஸ்தான். நம் மொழி பேசும் மாநிலப் பொலிஸ் என்பதால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது.

கொட்டகலையிலிருந்து பார்த்தால்

இங்கேதான் மலையகத்தின் சிக்கல். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கு மேல். மத்திய மாகாணத்தை மொத்தமாக எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு சிங்களவர். ஊவாவிலும் சப்ரகமுவவிலும் மலையகத் தமிழர் இன்னும் சிறிய தொகை. மாகாணப் பொலிஸ் நாளைக்கே வந்தால் கொட்டகலைத் தொழிலாளிக்கு அது கண்டியிலிருந்து வரும், அதற்குப் பொறுப்பானவர் பெரும்பாலும் ஒரு சிங்கள முதலமைச்சராக இருப்பார்.

மத்தியின் பொலிஸ் பாதுகாத்ததா என்றால் அதுவும் இல்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ்க் கைதிகளை வெட்டியும் எரித்தும் கொன்றபோது ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீட்டில் எல்லோரும் விடுதலை. டெவனில் துப்பாக்கி வெடித்தது, பிந்துனுவெவவில் கும்பலைத் தடுக்கவில்லை. இரண்டுக்கும் யாரும் பொறுப்புச் சொல்லவில்லை.

காணி விடயத்தில் மலையகமும் வடக்கும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பதை ஒரு வழக்கு காட்டியது. இராகலைப் பகுதியிலுள்ள ஸ்டாஃபர்ட் தோட்டத்தில் ஒருவரை அரச காணியிலிருந்து வெளியேற்ற அத்தியட்சகர் அறிவித்தல் கொடுத்தார். அவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை ஏறியது. அரச காணி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயமல்ல, ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதில் நியாயாதிக்கம் இல்லை என்று தீர்ப்பானது. தீர்ப்பு நாள் 2013 செப்டெம்பர் 26. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து ஐந்தாம் நாள். ஒரு தோட்ட மனிதரின் குடியிருப்புப் பிரச்சினையில் சொன்ன சட்டம், வடக்கின் காணி அதிகாரக் கனவுக்கும் முட்டுக்கட்டையானது. 1977இல் காணிக்காகத்தான் சூடு நடந்தது என்பதை இங்கே மறக்கக் கூடாது. வெளியேற்றும் கட்டளை நீதிமன்றத்திலிருந்து வந்தாலும் அதை நிறைவேற்ற வாசலில் நிற்பது பொலிஸ்.

மலையகத் தலைவர்கள் பாண்டிச்சேரியை உதாரணம் காட்டுவது பழைய வழக்கம். பாண்டிச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று நிலத்தொடர்பில்லாத நான்கு துண்டுகள் ஒரே ஆட்சிக்குள் இருக்கின்றன. தோட்டப் பகுதிகளையும் அப்படி இணைக்கலாம் என்பது வாதம். நான் இதில் முழு நம்பிக்கை வைப்பவன் அல்ல. துண்டு துண்டான நிலத்துக்குத் தனிப் பொலிஸ் வைப்பது கடினம். அதைவிடச் சிறிய கோரிக்கைகள் உடனடியாகப் பலன் தரும்: மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு வந்தால் அதில் மலையகத்துக்கு ஓர் இடம், தோட்டப் பிரதேச நிலையங்களுக்குத் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர், சூடு நடந்தால் சுட்டவரின் நிலையத்துக்குச் சம்பந்தமில்லாத விசாரணை. முதலாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் 13 தேவையே இல்லை. இருந்தும் இன்றைக்கும் முறைப்பாடு தமிழில் சொல்லப்படுகிறது, சிங்களத்தில் எழுதப்படுகிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையொப்பம் வைக்கப்படுகிறது.

அதுவரை இருக்கும் சட்டத்தில் இருப்பவற்றையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொலிஸாரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மாதத்தில் சட்டத்தரணி தேடுவது எல்லோராலும் ஆகாது. ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மத்திய மாகாணத்துக்கான பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.